சொந்தப் பெயரில் சேனல் நடத்துபவர் பார்வையாளர்களின் நம்பிக்கையை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள், சமணத் துறவிகளின் கற்படுக்கைகள், குகைக் கல்வெட்டுகள் பற்றி என் பெயரையும் முகத்தையும் வைத்து யூடியூபில் வீடியோ போட்டுவருகிறேன். பெரிய சேனல் இல்லை. ஆனால் பார்ப்பவர்கள் வருடக்கணக்கில் கூடவே இருக்கிறார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். சமையலுக்கும் பங்குச்சந்தைக்கும் இது எவ்வளவு பொருந்தும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"தினமும் ஏதாவது போடு, இல்லாவிட்டால் மறந்துவிடுவார்கள்" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தினமும் போட உட்கார்ந்தால் சீக்கிரமே சரக்கு தீர்ந்துவிடும். அப்புறம் அடுத்தவர் வீடியோவைப் பார்த்து நாம் பேச வேண்டியதுதான். மாதம் இரண்டு வரும் என்று சொல்லியிருக்கிறேன், இரண்டு வருகிறது. நடுவில் என்னை யாரும் தேடுவதில்லை. வந்தால் உருப்படியாக ஏதாவது இருக்கும் என்று தெரிந்தால் அவர்களுக்குப் போதும்.

உருப்படி என்றால் என்ன? கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். தம்ப்நெயிலில் "20,000 ஆண்டு நாகரிகம்" என்று போட்டால் வியூஸ் கொட்டும். ஆனால் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்றுதான் சொல்கிறது. நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த ஆறு கரிம மாதிரிகளைக் காலம் கணிக்க அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவற்றில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒன்று கி.மு. 580 என்று காட்டியது. இப்படிச் சொன்னால் வீடியோ சப்பென்று இருக்கும் என்கிறார்கள் சிலர். எனக்கு அந்த 353 சென்டிமீட்டர்தான் சுவாரசியம். ஓர் ஆள் மேல் இன்னோர் ஆள் நின்றால் வரும் ஆழம் அது. அதைக் குழிக்குள் அளந்து காட்டுவது போல விளக்கினால் கடைசிவரை பார்க்கிறார்கள். பெருமை பேச நமக்கு உண்மையே தாராளமாக இருக்கும்போது பொய் எதற்கு?

விஷயம் தெரிந்த உள்ளூர்க்காரர் பார்த்தால் சிரிக்காமல் இருப்பாரா என்பதுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல். கீழக்குயில்குடி சமணர் மலையில் செட்டிப்புடவு என்று ஒரு குகை இருக்கிறது. அங்கே தீர்த்தங்கரர் சிற்பத்தைப் படம்பிடித்தபோது ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர், "தம்பி, எங்களுக்கு அவரு செட்டியாரு. காது நீளமா இருக்குல்ல, அதான். நீங்க சொல்றதையும் சொல்லுங்க, நாங்க சொல்றதையும் சொல்லுங்க" என்றார். இரண்டையும் சொன்னேன். அந்த வீடியோவை ஊரில் பலர் தங்கள் வாட்ஸ்ஆப் குழுக்களில் போட்டார்கள். காசு கொடுத்து பூஸ்ட் செய்தாலும் கிடைக்காத ஆட்கள் அவர்கள்.

ஊரே கொதிக்கும்போதுதான் உண்மையான சோதனை. 2024 நவம்பரில் மேலூர் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது ஃபோன் நிறைய ஃபார்வர்டுகள். அங்குள்ள அரிட்டாபட்டி 2022இல் அறிவிக்கப்பட்ட பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், பரப்பு 193 ஹெக்டேர் சொச்சம். ஏலம் போன நாயக்கர்பட்டி சுரங்கத் தொகுதியோ சுமார் 2,015 ஹெக்டேர். பலர் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினார்கள். நானும் ஏலத்துக்கு எதிரானவன்தான், அதை மறைக்கவில்லை. ஆனாலும் எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைபடத்தை வைத்துக் காட்ட இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். அதற்குள் மற்றவர்கள் லட்சங்களில் போய்விட்டார்கள், போகட்டும். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த வரைபட வீடியோவை இன்னும் யாராவது கேட்டு வாங்கிப் பகிர்கிறார்கள்.

அடுத்து, காசு. இதைப் பேசாமல் நம்பிக்கையைப் பற்றிப் பேச முடியாது. "கீழடி அருகே மனைகள்" விளம்பரத்துக்கு ஒருவர் நல்ல தொகை சொன்னார், மறுத்துவிட்டேன். தொல்லியலைப் பேசிக்கொண்டே அதன் பக்கத்து நிலத்தை விற்றால் அடுத்த வீடியோவை யார் நம்புவது? அதற்காகப் பெரிய மகான் என்று நினைக்க வேண்டாம், மற்ற விளம்பரங்கள் வாங்குகிறேன். முதல் நிமிடத்திலேயே "இது கட்டண விளம்பரம்" என்று வாயாலும் சொல்கிறேன், எழுத்திலும் போடுகிறேன். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் கேட்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இலவசமாகக் கிடைத்த பொருளையும் சொல்லிவிட வேண்டும்.

போன மழைக்காலத்தில் மலையேறும் ஷூ ஒன்றுக்கு விளம்பரம் செய்தேன். காய்ந்த பாறையில் அருமை, ஈரப் பாறையில் பிடிமானம் போதாது என்று வீடியோவிலேயே சொன்னேன். அந்தக் கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை. கீழே வந்த கமெண்டுகளில் பாதி, "அப்போ எந்த ஷூ வாங்கலாம் அண்ணே?" என்றுதான்.