மாத்திரை தொடங்கியபின் மாறிப்போன மகன்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. வீசிங்குக்காக தினமும் இரவில் மான்டெலுகாஸ்ட் மாத்திரை கொடுக்கிறோம். சில வாரங்களாகத் தூக்கத்தில் அலறி எழுகிறான், காரணமே இல்லாமல் தங்கையை அடிக்கிறான். நேற்று "நான் செத்துப்போறேன்" என்றான். மருந்தோடு வந்த தாளில் மனநிலை மாற்றம் வரலாம் என்று போட்டிருக்கிறது. வீட்டிலோ, "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டு மாத்திரைமேல் பழி போடாதே" என்கிறார்கள். நான் வீணாகப் பயப்படுகிறேனா?

பதில்: இல்லைம்மா, உங்கள் சந்தேகம் நியாயமானது. இந்த மருந்தால் கெட்ட கனவு, எரிச்சல், முரட்டுத்தனம், மனச்சோர்வு, அரிதாகத் தற்கொலை எண்ணம்கூட வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 மார்ச்சில் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விடுத்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது எதுவும் வருவதில்லை. ஆனால் வந்த குழந்தையை "அடம்" என்று அதட்டினால், உண்மைக் காரணம் கண்ணில் படாமலே போய்விடும்.

இன்று இரவு அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இன்றே டாக்டரிடம் பேசுங்கள். குழந்தையிடம் இந்த மாற்றங்கள் தெரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் எஃப்.டி.ஏ.யின் அறிவுரையும். அவனுக்கு இன்ஹேலரும் கொடுத்துவந்தால் அதை நிறுத்திவிடாதீர்கள், மூச்சுத்திணறலுக்கு அதுதான் கைகொடுக்கும். மாத்திரைக்குப் பதில் என்ன என்பதை டாக்டர் சொல்வார்.

அவன் சொன்ன அந்த வார்த்தையைச் சின்னப்பிள்ளைப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். "அப்படி ஏன் தோணுச்சு? இப்பவும் தோணுதா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவனைத் தனியாக விடாதீர்கள். மறுபடியும் சொன்னாலோ, எப்படிச் செய்வேன் என்று பேசினாலோ டாக்டருக்காகக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் மாத்திரை தொடங்கிய தேதி, முதன்முதலில் அலறி எழுந்த நாள், அப்புறம் வந்த ஒவ்வொரு மாற்றம் என்று எழுதிக் கொண்டுபோங்கள். வெறுமனே "கோபப்படுகிறான்" என்பதைவிட அந்தத் தேதிகள் டாக்டருக்கு நிறையச் சொல்லும். மாத்திரையை விட்ட பிறகும் சிலருக்கு மாற்றங்கள் தொடரலாம், ஏன், விட்ட பின்புகூடத் தொடங்கலாம். அதனால் தொடர்ந்து கவனியுங்கள். மாத்திரை காரணமில்லை என்று தெரிந்தாலும் சரி, இப்படிப் பேசும் குழந்தைக்கு மனநல ஆலோசனை தேவைதான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா மருந்தையும் இப்படிச் சட்டென்று விடக்கூடாது. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளாலும், வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசிட்டத்தாலும் மனநிலை மாறலாம். ஆனால் பல நாட்கள் எடுத்த ஸ்டீராய்டையோ வலிப்பு மாத்திரையையோ திடீரென நிறுத்துவது ஆபத்து. அவசரமாக டாக்டரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

உங்களுக்கு இன்னொன்று. மான்டெலுகாஸ்ட், லெவோசிட்ரிசின் என்ற அலர்ஜி மருந்தோடு சேர்ந்து ஒரே மாத்திரையாக வேறு பெயர்களிலும் வருகிறது. நாளைக்குச் சளி என்று வேறு டாக்டரிடம் போனால், இந்த மருந்து இவனுக்கு என்ன செய்தது என்பதை முதலில் சொல்லுங்கள். வாங்கிய அட்டையில் மருந்தின் பெயரையும் படித்துவிட்டுக் கொடுங்கள்.