கடைக்கு ஒரு வெப்சைட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மதுரையில் பதினைந்து வருடமாகச் சின்னக் கடைகளுக்கும் குடும்பத் தொழில்களுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். கேள்விகளை அனுப்பச் சொன்னதும் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன்.

கோவில்பட்டி, கடலை மிட்டாய்: அண்ணா, இன்ஸ்டாகிராமிலேயே ஆர்டர் வருகிறது. தனியாக வெப்சைட் வேண்டுமா?

வேண்டும் தம்பி, ஆனால் அவசரம் இல்லை. இன்ஸ்டாவில் பார்ப்பவர் பொழுதுபோக்காகத் தள்ளிக்கொண்டே போகும்போது உங்களைப் பார்க்கிறார். கூகுளில் வருபவர் தேவையோடு தேடி வருகிறார். கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்த சரக்கு. ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் எத்தனையோ கடைகள் முன்னால் நிற்கும். அங்கே போய் மோதாதீர்கள். போனில் உங்களிடம் என்ன கேட்கிறார்கள்? எத்தனை நாள் கெடாது, தாம்பூலப் பைக்குச் சின்ன பாக்கெட் கிடைக்குமா, சென்னைக்கு எப்போது வந்து சேரும். ஒரு நோட்டில் ஒரு மாதம் எழுதி வையுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் வெப்சைட். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண்ணைக் கண்ணில் படும்படி போடுங்கள். வெளிமாநிலத்துக்கு அனுப்பும் முன் ஜிஎஸ்டி பற்றி ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஈரோடு, ஜவுளி: டிசைனர் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். விட்டுவிடலாமா?

டிசைனை விடுங்கள், டொமைனை விடாதீர்கள். டொமைன் என்பது உங்கள் தளத்தின் பெயர், கடைப் பத்திரம் மாதிரி. உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போனுக்கு ஓடிபி வரும்படி, நீங்களே பணம் கட்டி வாங்குங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மாவு மில்காரர் வந்தார். அவருடைய டொமைன் பழைய டிசைனர் பெயரில் இருந்தது. அந்த டிசைனர் ஊரை விட்டுப் போனார், புதுப்பிக்கும் தேதி தாண்டியது, சில வாரங்களில் வேறு யாரோ அதை வாங்கிவிட்டார்கள். பில் புத்தகம், பை, போர்டு எல்லாவற்றிலும் அச்சடித்த பெயர். அவர் அந்தப் பைக்கட்டை என் மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இன்றைக்கே உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

மதுரை, சுங்குடிச் சேலை: சார், தளம் போட்டு ஆறு மாதம் ஆகிறது. ஒருவரும் வரவில்லை. என்ன தப்பு?

உங்கள் கடை பக்கத்தில்தான் என்பதால் நேரிலேயே வந்து பார்த்தேன் இல்லையா அக்கா, அதை எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

கடை வாசலில் நின்று என் போனில் தளத்தைத் திறந்தேன். பதினொன்று வரை எண்ணிய பிறகுதான் படம் வந்தது. முதல் பக்கம் முழுக்க ஒரே போஸ்டர். கடைப் பெயர், சேலை விவரம், போன் நம்பர் எல்லாம் படத்துக்குள்ளேயே. மனிதக் கண்ணுக்கு அது எழுத்து. தேடுபொறி அதை நம்பகமாகப் படிக்காது. பக்கத்தின் தலைப்பு வெறும் 'ஹோம்' என்று இருந்தது. கூகுள் முடிவுகளில் பெரும்பாலும் நீல எழுத்தில் வருவது அந்தத் தலைப்புதான். 'மதுரை சுங்குடிச் சேலை, கைக்கட்டு, பருத்தி' என்று அங்கே இருந்திருக்க வேண்டும்.

அப்போது கடையில் ஒரு அம்மா வந்து, "இது நிஜமான கைக்கட்டா, அச்சா?" என்று கேட்டார். நீங்கள் சேலையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தீர்கள். ஒரு புள்ளியை விரலால் தடவிக் காட்டினீர்கள்: நூல் கட்டிய இடம் லேசாகச் சுருங்கி மேலெழுந்து நின்றது, பக்கத்துப் புள்ளி ஒரு நூல் அளவு பெரியது. அச்சடித்ததில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, துணி தட்டையாக இருக்கும் என்றீர்கள். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை, அந்த அம்மா வாங்கிவிட்டார்.

அக்கா, அந்த இரண்டு நிமிடத்தைத்தான் தளத்தில் போட வேண்டும். சொன்னதைச் சொன்னபடியே எழுதி, இரண்டு புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய சேலை இது. தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், சொல்லத் தெரிந்தவர்கள்தான் குறைவு. சாயம் போகுமா, முதல் துவைப்பு எப்படி என்பதற்கும் தனித்தனிப் பக்கம் எழுதுங்கள். படங்களைச் சுருக்கிவிட்டு ஏற்றுங்கள். கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் தளத்தின் முகவரியைப் போட்டால் எது கனமாக இருக்கிறது என்று இலவசமாகச் சொல்லும். போன் நம்பர் தொட்டால் அழைப்பு போகும்படி இருக்கட்டும், வாட்ஸ்அப்புக்கும் ஒரு பொத்தான் வையுங்கள்.

யாழ்ப்பாணம், புத்தகக் கடை: அண்ணை, எங்கட இணையத்தளம் பாமினி எழுத்திலை செய்தது. கைத்தொலைபேசியிலை எழுத்தெல்லாம் குழம்பித் தெரியுது. கூகுளிலையும் வருகுதில்லை.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் திரையில் தமிழ் தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இல்லாத கருவி அடியில் கிடப்பதை அப்படியே காட்டிவிடும். கூகுளுக்கும் தெரிவது அதுவே. எல்லாக் கருவிக்கும் புரியும் பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. மாற்றிய பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கிரந்த எழுத்து வரும் இடங்களை ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். இத்தனை வருட நூல் பட்டியல் தேடலுக்கு அகப்படாமல் கிடக்கிறது என்பது எனக்கே வருத்தமாக இருக்கிறது. பழைய பக்க முகவரிகளை மட்டும் மாற்றாதீர்கள்.

திருநெல்வேலி, ஏசி மெக்கானிக்: எனக்குக் கடையே இல்லை. வெப்சைட் எதற்கு?

இப்போதைக்குத் தேவையில்லை. கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் தொழிலைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம், அதைத் திறங்கள். வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிக்கு வருவீர்கள் என்பதை மட்டும் காட்டலாம். வேலை முடித்த வீட்டில் ரிவ்யூ கேளுங்கள். காசு கொடுத்து ரிவ்யூ வாங்காதீர்கள், கூகுள் அதை நீக்கும், ப்ரொஃபைலையே முடக்கவும் செய்யலாம்.

சிவகாசி, பட்டாசு: ஆன்லைனில் ஆர்டர் வாங்க ஒரு தளம் செய்து தருவீர்களா?

மன்னிக்கவும், முடியாது. ஆன்லைனில் பட்டாசு விற்கக் கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 'என்கொயரி மட்டும்தான்' என்று சொல்லிச் சுற்றி வருவதிலும் எனக்கு உடன்பாடில்லை. முதலில் வக்கீலைப் பாருங்கள்.

திருச்சி, கேட்டரிங்: மாதம் பதினைந்தாயிரம் கொடுத்தால் ஒரே மாதத்தில் கூகுளில் முதல் இடம் என்கிறார்கள். நம்பலாமா?

வேண்டாம். முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. அவர்கள் பட்டியலில் 'மெட்டா கீவேர்ட்ஸ்', அதாவது பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கும் தேடல் சொற்கள், இருக்கிறதா என்று பாருங்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று 2009-லேயே கூகுள் அறிவித்துவிட்டது. 'ஆயிரம் லிங்க்', அதாவது மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு இணைப்பு, என்று இருந்தால் இன்னும் மோசம், காசுக்கு வாங்கிய லிங்க் தளத்தைக் கீழே தள்ளிவிடலாம். அந்தப் பணத்தில் நீங்கள் சமைத்த பந்திகளை நல்ல படமாக எடுங்கள். நூறு பேருக்கு, முந்நூறு பேருக்கு என்னென்ன வரும், இலைக்கு எவ்வளவு என்று விலையோடு எழுதுங்கள். கேட்டரிங்காரர்கள் விலையை எழுதத் தயங்குகிறார்கள், தேடுகிறவருக்கு முதலில் வேண்டியதே அதுதான்.

கரூர், வீட்டு உபயோகத் துணி: ஆட்கள் வருகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேருங்கள், அதுவும் இலவசம். எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் கண்ணில் பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று காட்டும். பலமுறை கண்ணில் பட்டும் யாரும் தொடாத பக்கம் இருந்தால் முதலில் தலைப்பை மாற்றிப் பாருங்கள். நீங்கள் எழுதாத ஒரு கேள்வி அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த பக்கம் அதற்கு. சரி, புதுத் தளத்துக்கு முதல் சில மாதம் எண்கள் சின்னதாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை காலையில் ஒரு தடவை பார்த்தால் போதும். அப்புறம், போனில் அழைப்பவரிடம் "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டு அதையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.