கேமரா கேள்வி-பதில்: அரக்குப் பட்டு ஏன் கூழாகிறது?

கேனான் 1500டி கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் இரண்டு வயது மகளை எடுத்தால் பத்துக்கு எட்டுப் படம் கலங்கிவிடுகிறது. கையில் எழுபதாயிரம் இருக்கிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மாறிவிடலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

எழுபதாயிரம் வங்கியிலேயே இருக்கட்டும். முதலில் கலங்கிய படம் ஒன்றைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். பின்னால் இருக்கும் பீரோ பளிச்சென்றும் குழந்தையின் கை மட்டும் இழுபட்டும் இருந்தால், அசைந்தது குழந்தை. படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால், அசைந்தது உங்கள் கை. எதுவும் இழுபடாமல், பீரோ மட்டும் தெளிவாக இருந்து முகம் மழுப்பலாக இருந்தால், ஃபோகஸ் தப்பிப்போய்ப் பீரோவில் உட்கார்ந்துவிட்டது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

உங்களுடையது பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும். 18-55 லென்ஸை 55 வரை இழுத்தால் அது எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறியதானால் லென்ஸின் வாய் பெரிது). இரவில் ஒரு டியூப்லைட் எரியும் அறையில், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 1600 வைத்தாலும் ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/20 நொடிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஓடுகிற குழந்தைக்குக் குறைந்தது 1/200 வேண்டும். புதிதாகவே பத்தாயிரம் ரூபாய்ச் சுற்றுவட்டத்தில் கிடைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், எஃப் 5.6-ஐவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 1/20 அப்படியே 1/200 ஆகிவிடும். ஃபுல் ஃபிரேம் சென்சாரோ (படம் பதியும் சில்லு) உங்களுடையதைவிடப் பரப்பில் 2.6 மடங்குதான் பெரியது. அதில் இதே எஃப் 5.6 லென்ஸைப் போட்டால் கிடைக்கும் லாபம் ஒரு ஸ்டாப்புக்குச் (இரண்டு மடங்கு வெளிச்சத்துக்குச்) சற்று மேல், அவ்வளவுதான்.

அந்த 50-இல் இரண்டு சங்கடங்கள் உண்டு. உங்கள் கேமராவில் அது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும். பத்துக்குப் பத்து அறையில் தலையும் தோளும்தான் கிடைக்கும். அடுத்தது, ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தமே ஆறு சென்டிமீட்டர். மூக்கு தெளிந்து கண் மங்குவது அதனால்தான். எம் (மேனுவல்) மோடில் 1/200, எஃப் 2.2, ஆட்டோ ஐஎஸ்ஓ என்று வைத்து, நடுப் புள்ளியைப் பக்கத்துக் கண்ணில் வைத்து எடுங்கள்.

லென்ஸ் வரும்வரை காசில்லாத வழி ஒன்று: பகலில் ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் பாயை விரித்துக் குழந்தையை விளையாட விடுங்கள். நிழல் விழும் பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையைச் சாய்த்து வையுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் முகத்தின் இரண்டு பாதியும் இரண்டு நிறமாகும், அதை எந்த எடிட்டிங்கும் முழுதாகச் சரிசெய்யாது.

வீட்டிலிருந்தே பட்டுப்புடவை விற்கிறேன். மற்ற நிறங்கள் பரவாயில்லை. அரக்குச் சிவப்பு மட்டும் மடிப்பு, புட்டா எதுவும் தெரியாமல் சிவப்புக் கூழாக வருகிறது. வாங்கியவர்கள் "நிறம் வேறு" என்று திருப்பி அனுப்புகிறார்கள். கேமராவை மாற்றவா?
– ஒரு வாசகி, காஞ்சிபுரம்

மாற்றினால் புதுக் கேமராவிலும் இதே கூழ் வரும். கேமரா ஒவ்வொரு படத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கணக்காகப் பதிகிறது. அரக்குப் பட்டில் சிவப்புக் கணக்கு மட்டும் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடுகிறது. மடிப்பின் மேடும் பள்ளமும் ஒரே எண்ணாகிவிட்டால் மடிப்பு எங்கிருந்து தெரியும்? கேமரா சாதாரணமாகக் காட்டும் வெள்ளை ஹிஸ்டோகிராமில் (இடது இருட்டு, வலது வெளிச்சம் என்று காட்டும் வரைபடத்தில்) பச்சைக்குத்தான் பெரும் பங்கு. அதனால் அது "எல்லாம் சரி" என்று பொய் சொல்லும். மெனுவில் மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை இயக்கிப் பாருங்கள், சிவப்பு மலை வலது சுவரில் முட்டிக்கொண்டிருக்கும்.

எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) −2/3-இல் தொடங்கி, சிவப்பு மலை சுவரைவிட்டு விலகும்வரை குறையுங்கள். −1 வரை போக நேரலாம். திரையில் புடவை சற்று இருட்டாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ரா ஃபைலில் (கேமரா பக்குவம் செய்யாத மூலப் பதிவில்) எடுங்கள். ஆனால் கேமராவின் ஹிஸ்டோகிராம் ரா-வை அளப்பதில்லை, திரையில் காட்டும் ஜேபெக்கைத்தான் அளக்கிறது. பிக்சர் ஸ்டைல் 'விவிட்', 'லேண்ட்ஸ்கேப்' என்றிருந்தால் சிவப்பு இன்னும் ஊதிக் காட்டும். 'நியூட்ரல்' வையுங்கள்.

மஞ்சள் பல்பு இந்த வேலைக்கு எதிரி. அதன் வெளிச்சத்திலேயே சிவப்பு மிகுதி. நேர்வெயில் படாத, வடக்குப் பார்த்த திண்ணையோ ஜன்னலோ போதும். வெளிச்சம் முன்னாலிருந்து வராமல் பக்கவாட்டில் 45 பாகையில் விழட்டும். அப்போதுதான் ஜரிகை மேடாகத் தெரியும். கேமராவின் ஃபிளாஷை நேராக அடித்தால் ஜரிகை வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறும். நெசவின் மேல் வானவில் கோடுகள் ஓடினால் அது மோய்ரே என்பது. ஓரடி முன்னோ பின்னோ நகர்ந்தாலோ கோணத்தை மாற்றினாலோ போய்விடும்.

முதல் படத்தில் ஒரு கிரே கார்டை (நடுச் சாம்பல் நிற அட்டையை) வைத்து எடுத்து, எடிட்டிங்கில் அதைத் தொட்டு வொய்ட் பேலன்ஸ் (நிறச் சமன்) எடுங்கள். வெள்ளை வேட்டியையும் பேப்பரையும் இதற்கு நம்பவேண்டாம். வெளுப்பேற்றிகள் கலந்திருப்பதால் பகல் வெளிச்சத்தில் நீலம் அடிக்கும். பிறகு சிவப்பின் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) −10 முதல் −15 வரை இறக்குங்கள். எல்லாரும் ஏற்றத்தான் பார்ப்பார்கள், இறக்கினால்தான் மடிப்பு எழும்பி வரும். கடைசியில் எஸ்ஆர்ஜிபி-யாக (திரைகளுக்கான பொது நிறத் தரத்தில்) சேமியுங்கள்.

மயில்கழுத்து மாதிரி இரட்டை நிறப் பட்டுக்கு ஒரே சரியான படம் என்று ஒன்று கிடையாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். கோணம் மாறினால் நிறமும் மாறும். இரண்டு கோணத்தில் எடுத்து இரண்டையும் போட்டு, அதைச் சொல்லியும் விடுங்கள். திரும்பி வரும் பார்சல் குறையும்.

ஃபோன் மட்டும்தான் இருக்கிறது. எதை முதலில் மாற்ற வேண்டும்?
– ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி

லென்ஸைத் துடையுங்கள். கேலி இல்லை, விளக்கைச் சுற்றிப் புகைபோல ஒளி பரவுவதற்குப் பாதிக் காரணம் விரல் எண்ணெய். அடுத்து, முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை இழுத்து வெளிச்சத்தை ஒரு துளி குறையுங்கள். ஆட்களை 1எக்ஸில் கிட்டே போய் எடுக்காதீர்கள், மூக்கு பெருக்கும். 2எக்ஸ் வைத்து இரண்டடி பின்வாங்குங்கள்.

கலியாண மண்டபத்தில் எடுக்கும் படங்களில் குறுக்காகக் கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. மிரர்லெஸ் கேமரா வாங்கிய பிறகுதான் இந்தத் தொல்லை. கேமரா பழுதா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பழுதில்லை, சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை இயக்கி வைத்திருப்பீர்கள். அதில் சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கப்படுகிறது. இலங்கையிலும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். வெளிச்சம் தாழ்ந்திருக்கும்போது படித்த வரிகள் கறுப்புப் பட்டையாகும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/100 அல்லது 1/50 வையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழுத் துடிப்பு கிடைத்துவிடும். வீடியோவுக்கு 25 ஃபிரேம், 1/50. கேமராவில் ஆன்டி-ஃபிளிக்கர் இருந்தால் இயக்குங்கள், ஷட்டர் வேகத்தைக் கூட்டவேண்டிய இடத்தில் உதவும்.

மேடையின் எல்இடி திரையும் வண்ண விளக்குகளும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. அவை தங்கள் சொந்த வேகத்தில் பல மடங்கு விரைவாகத் துடிக்கும். அங்கே கேமராவின் திரையைப் பார்த்தபடி ஷட்டரை ஒவ்வொரு படியாக மாற்றி, பட்டை மறையும் இடத்தில் நிறுத்துவதுதான் வழி. நீல விளக்கில் குளித்த மணப்பெண்ணின் முகத்தை வொய்ட் பேலன்ஸால் மீட்க முடியாது, அங்கே சிவப்பும் பச்சையும் பதிவாகியே இருக்காது. தாலி கட்டும் ஐந்து நிமிடம் மட்டும் விளக்கை வெள்ளைக்கு மாற்றும்படி லைட்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஐம்பதாயிர ரூபாய் லென்ஸ் செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்யும்.

பழைய லென்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. உள்ளே "லேசா பூஞ்சை" இருக்கிறதாம். வாங்கலாமா? எங்கள் ஊர்க் கடற்காற்றில் எப்படிப் பாதுகாப்பது?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

ஃபோன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்னால் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பூஞ்சை. தூசியாக இருந்தால் தனித்தனிப் புள்ளிகள், அதற்குப் பயமில்லை. பூஞ்சையைச் சுத்தம் செய்தாலும், அது கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் தடம் போகாது. விளக்குக்கு எதிரே எடுக்கும்போது அந்த இடம் மங்கலாகக் காட்டிக்கொடுக்கும். சர்வீஸ் செலவைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் நட்டம்தான்.

வீட்டில் ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பதமானி போதும். 40–50 சதவீதத்தில் நிறுத்துங்கள். மிகவும் வறண்டாலும் உள்ளே இருக்கும் கிரீஸுக்கும் ரப்பருக்கும் நல்லதில்லை. ஜெல் நீலத்திலிருந்து வெளிறிச் சிவந்தால் ஓவனில் 110 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். அரிசியில் புதைக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள், மாவுத்தூசிதான் மிச்சம். தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதிலும் வைக்கக்கூடாது. ஏசி அறையிலிருந்து வெளியே போகுமுன் கேமராவை ஜிப் பையில் மூடி அரைமணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக்குங்கள். அப்போது பனி பையின் மேல் படியும், லென்ஸில் படியாது.

திரையில் அழகாக இருக்கும் படம் ஆல்பத்தில் இருண்டு போகிறது. லேப் தவறா?
– ஒரு வாசகி, மதுரை

திரை வெளிச்சத்தை முழுக்க வைத்துக்கொண்டு எடிட் செய்கிறீர்கள். கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவதால் படத்தை நீங்களே இருட்டாக்கி அனுப்புகிறீர்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஒத்துப்போகும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். பெரிய ஆர்டருக்கு முன் நாலு படத்தைச் சிறிய அளவில் அச்சடித்துப் பாருங்கள். 12-க்கு 18 அங்குலத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட 3600-க்கு 5400 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறோம். மாநிறத்தையும் கறுப்பையும் வெளுக்க வைப்பது எடிட்டிங் இல்லை. முகம் இருண்டிருந்தால் முழுப்படத்தின் எக்ஸ்போஷரைச் சரிசெய்து, ஆரஞ்சு லூமினன்ஸை (ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தை) +5 வரை தொடுங்கள். அதற்கு மேல் போனால் தோல் சாம்பல் பூத்துவிடும்.

எடிட் செய்தால் அது ஏமாற்றுதானே?
– ஒரு வாசகர், சேலம்

1858-இல் மதுரையையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்பைக் கேட்டால் சிரித்திருப்பார். அன்றைய நெகட்டிவ் நீலத்தை அளவுக்கு மீறி வாங்கும், வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அவர் பேப்பர் நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி மேகம் வரைந்தார். செய்திப் படத்தில் ஆளை நீக்குவது வேறு சங்கதி, அது மோசடி.

இன்ஸ்டாகிராமில் பார்ப்பதையே நானும் எடுக்கிறேன். புதிதாக எதுவும் தோன்றவில்லை.
– ஒரு வாசகி, கும்பகோணம்

ஊர் ஊராகப் போகவேண்டாம், வாசலுக்குப் போங்கள். ஒரு கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் எடுத்தால் அது தட்டையான வெள்ளைக் கோடு. காலையில் வெயில் தெருவோடு படுத்து வரும் முதல் அரைமணி நேரத்தில், கேமராவைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வெயிலுக்கு எதிர்முகமாக வையுங்கள். ஒவ்வொரு இழையும் மேடாகி, தன் நிழலைத் தானே இழுத்துக்கொண்டு நிற்கும். மாவு எங்கே கனமாக விழுந்தது, கை எங்கே திரும்பியது என்பதுகூடத் தெரியும். அதே கோலத்தைத் தலைக்குமேலிருந்து ஒன்று, போடுகிற விரல்களை மட்டும் ஒன்று, ஒன்பது மணிக்குச் சைக்கிள் டயர் ஏறிப் போன பிறகு ஒன்று.

இப்படி ஒரே பொருள், ஒரே லென்ஸ், ஒரு நாளைக்கு 36 படம், அதற்கு மேல் கிடையாது என்று முப்பது நாள் வையுங்கள். பத்தாம் நாளில் சலிக்கும், நிறுத்தவேண்டாம். காட்டுயிர்களை எடுத்த மா. கிருஷ்ணன் (1912–1996) கடைசிவரை கறுப்பு-வெள்ளையை விடவில்லை. பல பாகங்களை ஒட்டவைத்துத் தானே பூட்டிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயர் வேறு வைத்திருந்தார். பிடித்த படம் ஒன்றைப் பார்க்கும்போது லைக் போட்டுவிட்டு நகராமல், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நிழலைப் பார்த்து ஒரு நோட்டில் அம்புக்குறி போட்டுவையுங்கள். ஐம்பது அம்புகள் சேர்ந்ததும், அதிகம் இல்லாத திசை எது என்று பாருங்கள். மறுநாள் காலை அந்தப் பக்கமாகப் போய் நில்லுங்கள்.