வண்டியை ஒசத்துறதுக்கு முன்னாடி: குறைஞ்ச காசுல ஜீப் கட்டுறவங்க கேட்ட கேள்விகள்

மாட்டுத்தாவணிப் பக்கம் 22 வருஷமா ஜீப் வேலை பார்க்கிறேன். பட்டை (ஸ்பிரிங் தகடு) கட்டுறது, ஹவுசிங் (ரெண்டு வீலையும் இணைக்கிற அச்சுக் கூடு) இறக்குறது, கியர் பெட்டி பிரிக்கிறது எல்லாமே கை பழகின வேலை. "கையில காசு கம்மி, வண்டியை ஒசத்தி மண்ணுல மேட்டுல ஓட்டணும், எங்கிட்டு ஆரம்பிக்க?"ன்னு மதுரை சுத்துவட்டாரத்துல இருந்து நிறையப் பேர் கேட்டுட்டாங்க. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து ஒண்ணா பதில் எழுதியிருக்கேன்.

திருமங்கலத்துல இருந்து: அண்ணே, மொத்தமே 5 லட்சம்தான். வண்டி வாங்கி, ஏத்தி, டயர் போட்டு எல்லாம் அதுக்குள்ள முடியணும். ஜிப்ஸியா, பழைய மேஜரா, பொலேரோவா?

தம்பி, 5 லட்சத்தையும் வண்டியில போட்டுறாதீங்க. 3 லட்சத்துக்குள்ள வண்டி, மிச்சம் 2 லட்சம் அந்த வண்டியை நேராக்க. எங்க பட்டறையில பாதி வேலையோட நின்னுபோன வண்டி அம்புட்டும் இந்தக் கணக்கை மறந்து வாங்கினதுதான்.

ஜிப்ஸி ஏறக்குறைய 1 டன் எடைதான். முன்னாலயும் பின்னாலயும் முழு ஹவுசிங், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். 1985ல 970 சிசி என்ஜினோட வந்துச்சு, 1996ல வந்த கிங் 1298 சிசி. வாங்குறதா இருந்தா கிங் பாருங்க. மஹிந்திரா ஜீப்பான மேஜர், எம்.எம். 540 ரெண்டும் டீசல், கீழ்ச்சுத்துலயே இழுவை கிடைக்கும், டிராக்டர் பார்க்கிற மெக்கானிக்கே கை வைப்பாரு. ஆனா எடை கூட. பொலேரோவுல ரோட்டுல பார்க்கிறது முக்காவாசி பின்வீல் மட்டும் இழுக்கிற வண்டி. அதை வாங்கி ஃபோர் வீலா மாத்தலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. முன்வீலுக்கும் சக்தியைப் பிரிச்சுக் குடுக்கிற டிரான்ஸ்பர் கேஸ், முன் ஹவுசிங், அதுக்குச் சக்தி கொண்டுபோற பிராப்பலர் தண்டுன்னு காசு போயிக்கிட்டே இருக்கும், ஆர்.சி.யும் ஒத்துப்போகாது.

உங்க ஊரைத் தாண்டி பேரையூர்ப் பக்கம் போனா கரிசல்தானே? நனைஞ்ச கரிசல்ல எடை கம்மியான வண்டிதான் தப்பிச்சு வெளிய வரும். ஜிப்ஸியைத் தேடுங்க.

பரமக்குடியில இருந்து: ராமேஸ்வரத்துல ஒரு ஜிப்ஸி விலைக்கு வந்துருக்கு. பெயின்ட் புதுசு, சீட் புதுசு. எதைப் பார்த்து வாங்கணும்?

கடக்கரை வண்டின்னாலே முதல்ல அடியில படுத்துப் பாருங்க, பெயின்ட்டைப் பத்தி அப்புறம் பேசலாம். உப்புக்காத்து சேஸை, அதாவது வண்டியோட அடிச்சட்டத்தை, உள்ளுக்குள்ள இருந்து தின்னும். சின்னச் சுத்தியல் ஒண்ணு கொண்டுபோங்க. பட்டை மாட்டுற ஹேங்கர், பின் ஹவுசிங்குக்கு மேல சேஸ் வளைஞ்சு ஏறுற இடம், சேஸ்ல குறுக்க போற கிராஸ் மெம்பர், இந்த மூணு இடத்துலயும் தட்டுங்க. கணீர்னு கேட்டா நல்ல இரும்பு. பொத்துன்னு கேட்டா விட்டுட்டு வந்துருங்க, விலை எம்புட்டு குறைச்சாலும் சரி. அடியில மட்டும் புதுசா கறுப்பு மை பூசியிருந்தா இன்னும் ரெண்டு தடவை தட்டணும்.

அடுத்து ஃபோர் வீல் பிடிக்குதான்னு பார்க்கணும். சமதரையில நிறுத்தி, பின்வீலுக்குக் கல் வைங்க. ஃபோர் லோ (ஃபோர் வீலோட மெதுவான கியர்) போட்டு, கியர்ல விட்டு, என்ஜினை அணைச்சு, முன்வீல் நடுவுல இருக்கிற ரெண்டு ஹப்பையும் லாக் பண்ணுங்க. ஒரு முன்வீலை மட்டும் ஜாக்கில தூக்கிக் கையால சுத்துங்க. லேசா ஆடிட்டு நின்னுட்டா சரி. பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருந்தா ஹப்போ உள்ள ஆக்சிலோ போயிருச்சுன்னு அர்த்தம். மறுபக்கமும் இதே மாதிரி. "ஃபோர் வீல் சூப்பரா இருக்கு சார்"னு விக்கிறவர் சொல்ற பேச்சை விட இந்த 5 நிமிஷ வேலை பெரிசு.

ஹவுசிங் நடுவுல இருக்கிற பல்சக்கரப் பெட்டிதான் கிரவுன், அதோட ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க. பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி புகுந்திருக்கு. ராணுவ ஏலத்துல எடுத்த வண்டின்னா சிவில் பதிவு முடிஞ்சிருக்கான்னு ஆர்.சி.யையும் சேஸ் நம்பரையும் வச்சுச் சரிபாருங்க. 15 வருஷம் தாண்டின வண்டின்னா பதிவு எந்தத் தேதி வரைக்கும் புதுப்பிச்சிருக்குன்னும் பாருங்க.

மேலூர்ல இருந்து: அண்ணே, ஜிப்ஸியை 4 இன்ச் ஒசத்தணும். பாறையில கிரவுன் அடிக்குது. கம்மி செலவுல என்ன வழி?

கேள்வியிலயே தப்பு இருக்கு தம்பி, அதனால கொஞ்சம் விரிவாச் சொல்றேன். இதே கேள்வி 14 பேர் கேட்டிருக்காங்க.

ஜிப்ஸியில கிரவுன் ஹவுசிங்லதான் உக்கார்ந்திருக்கு. ஹவுசிங் வீலோட சேர்ந்தது. பட்டையை ஏத்தினா சேஸும் பாடியும்தான் மேல போகும், ஹவுசிங் இருந்த இடத்துலயே இருக்கும். 4 இன்ச் இல்ல, 8 இன்ச் ஏத்தினாலும் அதே பாறையில அதே கிரவுன் அதே மாதிரி அடிக்கும். கிரவுன் மேல வரணும்னா டயர் பெரிசாகணும், அதுவும் டயர் கூடுற உயரத்துல பாதிதான் கிடைக்கும். ஜிப்ஸிக்குக் கம்பெனி டயர் 205/70 ஆர் 15, மொத்த உயரம் 668 மில்லிமீட்டர். 235/75 ஆர் 15 போட்டா 733. கூடுறது 65, கிரவுனுக்குக் கிடைக்கிறது 33 மில்லிமீட்டர் கூட இல்ல, ரெண்டு விரல்கட்டை தடிமன். அதுக்கே ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66ல போகும், என்ஜினுக்கு இழுவையும் குறையும்.

அப்ப ஒசத்துறது எதுக்கு? வரப்பு ஏறும்போது நடுவயிறு தட்டாம இருக்க, முன்பம்பர் மேட்டுல முட்டாம இருக்க, பெரிய டயர் மட்கார்டுல உரசாம இருக்க. இது மூணுக்கும் 2 இன்ச் தாராளம். அதுக்கு மேல போனா பிராப்பலர் சாய்ஞ்சு அதோட மூட்டுல இருக்கிற கிராஸ் அடிக்கடி போகும், ஸ்டீயரிங் ராடு சாய்ஞ்சு ஒவ்வொரு குழியிலயும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், வளைவுல கவிழுற பயம் கூடும். உங்க பாறைக்கு வழி, கிரவுனை ரெண்டு வீலுக்கு நடுவுல விடாம, வீலையே பாறை மேல ஏத்தி ஓட்டுறது. ஒருத்தரை இறக்கிவிட்டு வழி காட்டச் சொல்லுங்க. கிரவுனுக்கு அடியில தடிச்ச தகடு ஒண்ணும் போட்டுக்கலாம்.

அதே ஊர், வேற ஒருத்தர்: 2 இன்ச்சுன்னே வச்சுக்குவோம். எப்படி ஏத்துறது? பட்டறையில மூணு விதமாச் சொல்றாங்க.

முதல் விதம், பட்டை முனையைச் சேஸோட இணைக்கிற ஷேக்கிளை நீளமாக்குறது. காசு கம்மி. ஆனா ஷேக்கிள் 2 இன்ச் நீண்டா வண்டி 1 இன்ச்தான் ஏறும். முன்பக்கம் செஞ்சா ஹவுசிங் லேசாத் திரும்பி, வளைச்ச ஸ்டீயரிங் தானா நேரா வராமப் போகும். ஆப்பு வச்சுச் சரி பண்ணணும்.

ரெண்டாவது, பழைய பட்டையை அடிச்சு வளைச்சு ஏத்துறது. சில மாசம் நல்லா நிக்கும், அப்புறம் படிஞ்சிரும். லாரி பட்டறைக்காரங்க சுத்தமா அடிப்பாங்க, ஆனா தேய்ஞ்ச இரும்பு தேய்ஞ்சதுதான்.

மூணாவது, கூட ஒரு பட்டை சேர்க்கிறது. நான் இதைத்தான் செய்வேன். மெயின் பட்டைக்கு அடுத்து, நீளமான பட்டையாச் சேருங்க. குட்டைப் பட்டையைச் சேர்த்தா வெறும் வண்டி மாட்டுவண்டி மாதிரி தூக்கிப்போடும்.

எதைச் செஞ்சாலும் சில வேலை கட்டாயம். பட்டையை ஹவுசிங்கோட சேர்த்துக் கட்டுற யூ போல்ட் புதுசு போடணும், 200 கிலோமீட்டர் ஓட்டினதும் மறுபடி முடுக்கணும். ஷாக் நீளமானதா மாத்தணும், இல்லைன்னா குழியில பட்டை இறங்குறதுக்கு முன்ன ஷாக் இழுத்துப் பிடிக்கும். வண்டியைச் சேஸ்ல தூக்கி, வீல் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுதான்னு பாருங்க. இழுபட்டா அன்னைக்கே நீள ஹோஸ் போடுங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க.

ரெண்டு விஷயம் செய்யவே கூடாது. முன் ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் நடுவுல பிளாக் வைக்கிறது ஒண்ணு. பிரேக் அடிச்சா அந்த இடம்தான் மொத்தப் பாரத்தையும் தாங்கும். இன்னொண்ணு, பட்டையில வெல்டிங். சூடு பட்ட இடத்துல பட்டையோட பதம் போயிரும், ஒருநாள் அங்கேயே உடையும். 2016ல என்கிட்ட வந்த ஒரு மேஜர், வேற எடத்துல வெல்டு வச்ச மெயின் பட்டை நத்தம் ரோட்டுல உடைஞ்சு, ஹவுசிங் பின்னால நகர்ந்து வந்துச்சு. ஓட்டினவர் பொழைச்சது, அப்ப வேகம் 30 தாண்டாததால.

உசிலம்பட்டி, விவசாயி: ஐயா, என்கிட்ட ரெண்டு வீல் பொலேரோதான் இருக்கு. ஐப்பசி மழையில தோட்டத்துக்குப் போக முடியலை. ஏத்தினா சரியாகுமா?

ஆகாதுங்க ஐயா. சேத்துல வண்டி மாட்டுறது உயரத்தால இல்ல, டயருக்குப் பிடிப்பு இல்லாததால. ஏத்துற காசுல பின்னால ரெண்டு மட் டயர் போடுங்க, கம்பெனி அளவான 215/75 ஆர் 15லயே. தடம் அகலமா, இடைவெளி நிறையா இருக்கணும், அப்பத்தான் கரிசல் ஒட்டினாலும் சுத்தும்போது உதறிவிடும். சேத்துல இறங்குறதுக்கு முன்ன காத்தை 20 பி.எஸ்.ஐ. வரைக்கும் இறக்குங்க. டயர் பரந்து உக்காரும். தார் ரோட்டுக்கு வந்ததும் பழையபடி ஏத்திரணும், அதுக்குச் சிகரெட் லைட்டர்ல மாட்டுற சின்னப் பம்பு ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க.

ஒரு பின்வீல் மட்டும் வீணாச் சுத்தினா, ஆக்சிலேட்டரை அழுத்தாம ஹேண்ட் பிரேக்கை ரெண்டு மூணு பல்லு இழுத்துப் பிடிங்க. சுத்துற வீலுக்குத் தடை வந்ததும் மறுவீலுக்கும் கொஞ்சம் சக்தி போகும். டிராக்டரை வச்சு இழுக்கும்போது கயித்தைச் சேஸ்ல கட்டுங்க, பம்பர்ல வேண்டாம். இழுக்கையில பக்கத்துல பிள்ளைகள் யாரும் நிக்கக்கூடாது. கயிறு அறுந்தா பாம்பு மாதிரி திரும்பி வரும்.

மதுரை அண்ணா நகர்ல இருந்து ஒரு சகோதரி: 2014 மஹிந்திரா தார் ஜீப் வச்சிருக்கேன். முன்பக்கம் டார்ஷன் பாரைத் திருகினாலே ஏறிரும், செலவே இல்லைன்னு சொல்றாங்க. உண்மையா?

உண்மைதான் தங்கச்சி, ஏறும். ஆனா அது இலவசம் கிடையாது. 2010ல இருந்து 2020 வரைக்கும் வந்த அந்தத் தார்ல, சி.ஆர்.டி.இ. மாடலுக்கு முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங்கா வேலை செய்யற கம்பி), பின்பக்கம் பட்டை. போல்ட்டைத் திருகினா முன்பக்கம் ஒசரும், ஆனா வீல் கீழ இறங்குறதுக்கு இருந்த இடம் அம்புட்டும் குறையும். ஸ்பீடு பிரேக்கர் தாண்டும்போது டங்குன்னு அடிக்கிறது அதனாலதான். முன் ஆக்சில் கோணம் கூடி ரப்பர் பூட் கிழியும், உள்ள மண் போனா ஜாயின்ட்டே போயிரும். 1 இன்ச்சோட நிறுத்திக்கோங்க, ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க, அன்னைக்கே வீல் அலைன்மென்ட் பண்ணுங்க.

திண்டுக்கல்: ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?

வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி, ஆர்.சி.யில இருக்கிற விவரத்துக்கும் கம்பெனி வடிவத்துக்கும் மாறா வண்டியை மாத்தக்கூடாது. ஜனவரி 2019ல உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிச் சொல்லிருச்சு. அதே வருஷத் திருத்தத்துக்கு அப்புறம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல 6 மாசம் வரை சிறை, ரெண்டுமே கூட வரலாம். பெரிய டயரும் ஒசத்துறதும் இதுக்குள்ள வரும். முன்னால போடுற இரும்பு கிராஷ் கார்டு மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி டிசம்பர் 2017லயே மத்திய அரசு சொல்லியாச்சு. வேலையைத் தொடங்குறதுக்கு முன்ன ஆர்.டி.ஓ. அலுவலகத்துல எழுதிக் கேட்டு, எழுத்துல பதில் வாங்குங்க. விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல தேடுறது இதைத்தான்.

சோழவந்தான்: கண்மாய் மறுகால் போகும்போது தண்ணியில இறங்கணும். என்ஜினுக்குக் காத்தை ஒசரத்துல இருந்து இழுக்கிற குழாய், ஸ்நார்கல் போடலாமா?

அதுக்கு முன்னாடி சில நூறு ரூபாயில ஒரு வேலை இருக்கு. ஹவுசிங் மேல பிரீதர்னு சின்ன மூடி இருக்கும். ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணியில இறங்கினா உள்ள இருக்கிற காத்து சுருங்கி, சீல் வழியாவோ பிரீதர் வழியாவோ தண்ணியை உறிஞ்சும். அந்த மூடியைக் கழட்டி, ரப்பர் டியூபு மாட்டி, பானட்டுக்குள்ள ஒசரத்துல கட்டிருங்க. கியர் பெட்டிக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் இதே மாதிரி. இது இல்லாம ஸ்நார்கல் மட்டும் போட்டவங்க வண்டியில கிரவுன் துருப்பிடிச்சதை நிறையப் பார்த்திருக்கேன்.

நடந்து போய் ஆழம் பார்க்காம இறங்காதீங்க. தண்ணியில என்ஜின் நின்னுட்டா மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். தள்ளி வெளிய எடுத்துட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

ஒத்தக்கடை: மேல கேரியர், லைட்டு, ஜெரிக்கேன் எல்லாம் வச்சா?

மேல எடை ஏத்த ஏத்த கவிழுறது சுலபமாகும். ஏத்தின வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

காரியாபட்டி: எங்க ஓட்டிப் பழகுறது? அரிட்டாபட்டி மலைப்பாறை நல்லா இருக்கும்போல.

அங்க கண்டிப்பா வேண்டாம் தம்பி. கெஞ்சிக் கேட்டுக்கிறேன். அரிட்டாபட்டி நவம்பர் 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்ச இடம். அந்தப் பாறையில சமணர் படுக்கை இருக்கு, 2,000 வருஷத்துக்கு மேல நிக்கிற தமிழி எழுத்து இருக்கு. மாங்குளம், கீழவளவுப் பக்கமும் இப்படித்தான். மேகமலையும் வேண்டாம், 2021ல இருந்து அது புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமக் காட்டுக்குள்ள வண்டி இறக்கினா வழக்கு.

தெரிஞ்சவங்க தென்னந்தோப்பு, உழாத புஞ்சை, சொந்தக்காரர் அனுமதி குடுத்த பொட்டல் போதும். ஃபோர் வீல் போட்டு மண்ணுல மட்டும் பழகுங்க. தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டு வளைச்சா முன்வீல் கூடுதல் தூரம் ஓடணும், முன்னுக்கும் பின்னுக்கும் வேகத்தைப் பிரிச்சுவிட நடுவுல கிரவுன் இல்லாததால டிரான்ஸ்பர் கேஸ்ல முறுக்கு ஏறி கியரே உடையும்.

போடி: அப்பாவோட கமாண்டர் ஜீப் 9 வருஷமா ஷெட்டுல நிக்குது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு கேரளாவுக்குப் போய் வந்த வண்டி. இதை ஏத்திக் கட்டலாமா அண்ணே?

ஏத்த வேண்டாம் தம்பி. போடிமெட்டு ஏறி இறங்கின வண்டி அது, அந்த உயரத்துலயேதான் ஏறுச்சு. சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலை போற ஜீப்புகளைப் போய்ப் பாருங்க. பெரும்பாலும் கம்பெனி உயரம்தான்.

முதல்ல டேங்க்கைக் கழுவி, டீசல் பில்டர் மாத்துங்க. நாலு டிரம்மும் கழட்டி வீல் சிலிண்டர், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதுசு போடுங்க. பட்டையைப் பிரிச்சு, துரு தேய்ச்சு, கிரீஸ் வச்சு, புஷ் மாத்திக் கட்டுங்க. படிஞ்சிருந்த வண்டி அதுலயே கொஞ்சம் நிமிரும். டயர் பழசுன்னா தடம் இருந்தாலும் வேண்டாம், ரப்பர் வெடிச்சிருக்கும். மெயின் பட்டையை மட்டும் நீங்களா மாத்திறாதீங்க, என்கிட்ட கொண்டு வாங்க, பார்த்துட்டுச் சொல்றேன். முதல் தடவை மெட்டு ஏறும்போது அப்பாவைப் பக்கத்துல உக்கார வைங்க. எந்த வளைவுல எந்த கியர்னு அவருக்கு மனப்பாடமா இருக்கும்.