நட்சத்திரத் தடங்களைப் படம்பிடித்தல்: கேள்வி பதில்

கேள்வி: நட்சத்திரங்கள் நகரும் பாதை கோடுகளாக விழும் என்று, கேமராவின் ஷட்டரை ஒரு மணி நேரம் திறந்தே வைத்தேன். வானம் வெளிறிப்போய்விட்டது; தடங்களே தெரியவில்லை. எங்கே தவறு?

பதில்: எல்லாவற்றையும் ஒரே படத்தில் வாங்கப் பார்த்ததுதான் தவறு. நட்சத்திரம் நகர்ந்துகொண்டே இருப்பதால் அதன் ஒளி எந்தப் புள்ளியிலும் தங்குவதில்லை. வானத்தின் மங்கல் வெளிச்சமோ அதே இடத்தில் சேர்ந்துகொண்டே போகிறது. லென்ஸ் துவாரம் எஃப் 2.8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 800 என்று தொடங்கி, 30 விநாடிப் படங்களாக 120 எடுங்கள். பிறகு கணினியில் அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் படம் அதிகப் பிரகாசமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும் ‘லைட்டன்’ முறையில் இணையுங்கள். ஸ்டார்ஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருளே போதும். வானம் இருட்டாகவே நிற்கும், தடம் மட்டும் நீளும். நடுவில் விமானம் குறுக்கிட்டாலும் அந்த ஒரு படத்தில் அதன் கோட்டை அழித்துவிடலாம்.

கேள்வி: அப்படியே செய்தேன். தடம் விட்டுவிட்டு வருகிறதே?

பதில்: கேமராவில் நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் குறைப்பு, அதாவது படத்தில் விழும் தேவையற்ற புள்ளிகளை நீக்கும் வசதி, இயங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு, ஷட்டரை மூடியபடி இன்னொரு 30 விநாடி எடுத்துக்கொள்ளும். அதை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: வட்டங்கள் வேண்டுமென்றால்?

பதில்: வடக்கே துருவ நட்சத்திரத்தை நோக்குங்கள். உங்கள் அட்சரேகை எத்தனை பாகையோ, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில் அது நிற்கும். வானம் மணிக்கு 15 பாகை சுழல்வதுபோல் தெரிவதால், ஒரு மணி நேரத்தில் சிறு வில்தான் கிடைக்கும். வட்டம் என்று கண்ணுக்குப் பட மூன்று மணி நேரமாவது வேண்டும் என்பேன். துருவ நட்சத்திரமும் அசையாமல் இருப்பதில்லை. அந்தச் சுழற்சியின் மையத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவாக விலகியிருப்பதால் தானும் ஒரு குட்டி வில் வரையும். எனக்கு மிகவும் பிடித்த கோடு அதுதான்.

கேள்வி: பாதிப் படங்களுக்குப் பிறகு தடங்கள் தடித்து மங்கிவிட்டன. ஃபோகஸ் நகர்ந்துவிட்டதா?

பதில்: நகர்ந்திருக்கலாம். ஆட்டோஃபோகஸை அணைத்து, திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஊசிமுனையாகச் சுருங்கும்வரை வளையத்தைத் திருப்புங்கள். பிறகு டேப் ஒட்டிவிடுங்கள். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியிருந்தால், நான் முதலில் சந்தேகிப்பது பனியைத்தான். ஒருமுறை விடியற்காலையில் லென்ஸைத் தொட்டபோது விரல் நனைந்தது. கடைசி இரண்டு மணி நேரப் படங்கள் முழுக்கப் பால் படர்ந்ததுபோல் இருந்தன. அன்றிலிருந்து லென்ஸைச் சுற்றிச் சூடேற்றும் பட்டை இல்லாமல் நான் தொடங்குவதில்லை.

கேள்வி: தடங்கள் எல்லாம் வெள்ளையாகவே வருகின்றன. நிறம் வராதா?

பதில்: வரும். ஐஎஸ்ஓவைக் குறையுங்கள், அளவுக்கு மீறிய ஒளியில்தான் நிறம் வெளுத்துப்போகிறது. ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் திருவாதிரை செம்மஞ்சளாகவும் ரைஜல் நீலவெள்ளையாகவும் ஒரே படத்தில் கோடிழுப்பதைக் காண்பீர்கள்.