பளபளக்கும் பழைய புல்லட்

அன்புள்ள அண்ணனுக்கு,

1984 மாடல் புல்லட் 350 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முழுக்கப் பிரித்து மாட்டியதாம். புதுப் பெயிண்ட், புதுக் குரோம், கண்ணை எடுக்க முடியவில்லை. அதில் ஹம்பி வரை போய்வர ஆசை. வாங்கலாமா?

செ., மதுரை

அன்புள்ள செ.,

ஆர்சி புத்தகத்தைப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எஞ்சினிலும் சேஸிலும் (வண்டியின் சட்டகம்) பொறித்திருக்கும் எண்களை நீங்களே துடைத்துப் பார்த்து அதோடு ஒப்பிடுங்கள். 15 ஆண்டு தாண்டிய வண்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். இதில் இடறினால் மேலே பேச வேண்டாம், வந்துவிடுங்கள்.

சரி, வண்டிக்கு வருவோம். நான் முதலில் வாங்கியதும் இப்படிப் பளபளத்த புல்லட்தான். கிருஷ்ணகிரி தாண்டி கிராங்க், அதாவது எஞ்சினுக்குள் சுழலும் தண்டு, போனது. பிரித்தபோதுதான் தெரிந்தது, பெயிண்ட் அடித்தவர் உள்ளே எதையுமே தொடவில்லை. அன்றிலிருந்து பெயிண்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. அழுக்காக இருந்தாலும் தினமும் ஓடுகிற வண்டியை நம்பலாம்.

நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். பல நாள் நின்ற புல்லட் முதல் சில நிமிடம் புகைந்தால் பயம் வேண்டாம். ஆயில் கிராங்க் அறைக்குள் இறங்கித் தேங்கியிருக்கும், எரிந்து தீர்ந்துவிடும். சூடேறிய பிறகும் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்து ஆயில் எரிகிறது. மேலே டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்) தட்டும் சத்தம் இந்த எஞ்சினுக்கு வழக்கம். மேட்டில் இழுக்கும்போது அடியிலிருந்து டொக் டொக் என்று கேட்டால் அது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு, பெரிய செலவு. பாகங்களுக்குக் கவலை இல்லை. 1956 முதல் திருவொற்றியூரில் செய்த வண்டி; சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அப்புறம், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புது வண்டியில் பழகிய கால் அவசரத்தில் கியரைத்தான் மிதிக்கும். ஹம்பிக்கு முன் ஒரு மாதமாவது ஊருக்குள் ஓட்டுங்கள். நெடுஞ்சாலையிலும் 60, 70க்கு மேல் விரட்டாதீர்கள்.

முழுக்கப் பிரித்து மாட்டியது உண்மையானால் கிராங்குக்கும் சிலிண்டர் போருக்கும் (பிஸ்டன் ஓடும் துளை) வேலை செய்த லேத் பட்டறையின் பில் இருக்கும். கேட்டு வாங்கி எனக்குப் படம் அனுப்புங்கள். பார்த்துவிட்டு விலையைப் பேசுவோம்.