பையன் யாரையும் மதிப்பதில்லை. அடிக்காமல் திருத்த முடியுமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. மாமனார் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கிறார். ஒரு வருடமாகவே பையன் எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறான். என் மாமியாரை ‘வாயை மூடு ஆயா’ என்கிறான். தங்கச்சியை ‘போடி, உனக்கு என்ன தெரியும்’ என்கிறான். போனைப் பிடுங்கினால் கத்தி ஊரைக் கூட்டுகிறான். கணவர் பெல்ட்டை எடுத்தால் இரண்டு நாள் அடங்கி இருப்பான், அப்புறம் பழைய கதைதான். ‘அடியாத மாடு படியாது’ என்கிறார் மாமனார். எனக்கு அடிக்க மனசு வரவில்லை. ஆனால் கத்தாமலும் இருக்க முடியவில்லை. தோப்புக் காவலுக்கு இருக்கும் பெரியவரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். சரி, அது எங்கள் வீட்டில் எல்லோரும் கூப்பிடுவதுதான், அதை விடுங்கள். இவனுக்கு மரியாதையை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் ‘அதை விடுங்கள்’ என்று எழுதிய இடத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பேச்சு வந்த நாளிலிருந்து உங்கள் மகன் அந்தப் பெரியவரை வீட்டில் எல்லோரும் பெயர் சொல்லி, ‘வா, போ’ என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்திருக்கிறான். அவரோ அவனுடைய தாத்தா வயதுக்காரராக இருப்பார். இதிலிருந்து பிள்ளை தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது. மரியாதை வயதுக்கு இல்லை, மனுஷனுக்கும் இல்லை. நமக்கு மேலே இருப்பவருக்கு மட்டும் கொடுப்பது. கீழே இருப்பவரிடம் எப்படி வேண்டுமானாலும் பேசலாம்.

உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அவன் ஆயாவிடம் கத்துகிறான், தங்கச்சியிடம் கத்துகிறான், உங்களிடம் கத்துகிறான். அப்பாவிடமோ தாத்தாவிடமோ அப்படிப் பேசினான் என்று ஒரு வரிகூட இல்லை. அப்படியென்றால் அவனுக்கு மரியாதை தெரியாமல் இல்லை. யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் விடலாம் என்று வீட்டில் பார்த்ததை அப்படியே செய்கிறான். இதைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. நம் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில், எங்கள் வீடும் சேர்த்து, மரியாதை கீழேயிருந்து மேலே மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. அது மேலேயிருந்து கீழேயும் வந்தால்தான் பிள்ளைக்கு அதன் ருசி தெரியும்.

ஓசூர் பக்கம் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். அங்கே மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையைக் கவனியுங்கள். பெரியம்மாவைத் தமிழில் ‘வாங்க’ என்கும். பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பாட்டியிடம் ‘ரண்டி’ என்கும். கன்னடம் பேசும் கடைக்காரரிடம் ‘பன்னி’ என்கும். கூட்டாளியைப் பார்த்தால் அந்தந்த மொழியில் ‘வாடா’, ‘ராரா’, ‘பாரோ’. எங்கே எது என்று தப்பவே தப்பாது. இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, இதற்காக யாரும் அடிக்கவும் இல்லை. காதில் விழுந்தது, வாயில் வந்தது, அவ்வளவுதான். மரியாதையும் இதே வழியாகத்தான் உள்ளே போகிறது. அவமரியாதையும் இதே வழிதான்.

1961ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 72 சிறு பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். அதில் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு முன்னால், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்துத் திட்டினார். பிறகு அந்தப் பொம்மை இருந்த அறையில் விட்டபோது, பார்த்த பிள்ளைகளில் பலர் அதேபோல அடித்தார்கள். அடித்த விதத்தை மட்டுமில்லை, அவர் சொன்ன வார்த்தைகளையும் திருப்பிச் சொன்னார்கள்.

சரி, பெல்ட்டுக்கு வருவோம். அந்த இரண்டு நாள் அமைதியில் அவன் படித்தது மரியாதையை இல்லை, பயத்தை. பயந்துபோன மூளை தப்பிக்க வழி பார்க்குமே தவிர, ‘நான் ஆயாவை அப்படிச் சொன்னது தப்பு’ என்று உட்கார்ந்து யோசிக்காது. கோபத்தை அடக்கி நிதானமாக யோசிக்க வைக்கும் பகுதி, நெற்றிக்கு நேர் பின்னால் இருப்பது, முழுதாக முதிர்வதற்கு ஏறக்குறைய 25 வயது ஆகிவிடும். 9 வயதில் அது இன்னும் பிஞ்சு. அந்த வேலையைக் கொஞ்ச காலத்துக்கு நாம்தான் அவனுக்காகச் செய்ய வேண்டும். நாமே நிதானம் இழந்துவிட்டால் அவன் யாரைப் பார்த்துப் பழகுவான்? 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. வாத்தியார் செய்யக் கூடாதது வீட்டில் மட்டும் எப்படிச் சரியாகும்?

உங்கள் மாமனார் மாட்டைப் பற்றிச் சொன்னதால் அவரிடம் ஒன்று கேளுங்கள். நம் கிருஷ்ணகிரிப் பக்கம் பொங்கல் முடிந்ததும் ஊர் ஊராக எருது விடும் விழா நடக்கிறது. அதற்கென்று காளை வளர்க்கும் வீட்டில் அந்தக் காளையை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்? பருத்திக்கொட்டை ஊறவைத்து அரைத்துக் கொடுக்கிறார்கள். குளிப்பாட்டி, தடவிக் கொடுத்து, பேர் வைத்துக் கூப்பிட்டுத் தினமும் நடக்க விட்டுப் பழக்குகிறார்கள். அத்தனை கூட்டத்துக்குள் ஓடி வந்த காளை வளர்த்தவரின் குரலுக்கு நிற்கிறது. இதை என்னைவிட நன்றாக உங்கள் மாமனாருக்கே தெரியும். வாதம் செய்யாமல், கேட்க மட்டும் செய்யுங்கள்.

இனி நாளைக் காலையிலிருந்து என்ன செய்வது?

முதலில் கூப்பிடும் விதம். ‘வாடா’ என்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கொஞ்சலோடு சொல்லும் ‘வாடா’வில் அன்பு இருக்கிறது, பிள்ளைக்கும் அது புரியும். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் ‘வாங்க சார்’ அதைவிட மோசம். குரல்தான் விஷயம். ஆனாலும் நம் பக்கத்துக் கிராமங்களில் சின்னப் பிள்ளைகளை ‘வாங்க கண்ணு’, ‘சாப்பிடுங்க சாமி’ என்று கூப்பிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. உங்கள் மாமியாருக்கும் அது வாயில் வரும் என்றே நினைக்கிறேன். அதை மறுபடி வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். ‘நீங்க’ என்று கேட்டு வளர்ந்த வாய்க்கு ‘நீங்க’ சொல்வது சுலபம்.

அடுத்தது, நீங்கள் கத்திவிடும் அந்த நேரம். சாயங்காலம் களி கிண்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கையும் துடுப்பில் இருக்கிறது, ஆவி முகத்தில் அடிக்கிறது. அவன் வந்து ‘அம்மா, அம்மா, போன் குடு’ என்று நாலாவது தடவையாகக் கேட்கிறான். ‘வாயை மூடுடா, சனியனே’ என்று வந்துவிடுகிறது. ஆயாவிடம் அவன் சொல்வது இதே ‘வாயை மூடு’தான் என்பதைக் கவனித்தீர்களா?

அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘நீ கேக்கறது காதுல விழுது கண்ணு. இப்ப கையெடுத்தா களி கட்டி தட்டிடும். எறக்கி வச்சிட்டு வர்றேன், அப்ப பேசலாம்.’ இந்த வாக்கியத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. இறக்கி வைத்ததும் அவன் மறந்து விளையாடப் போயிருந்தால்கூட, நீங்களே போய் ‘என்னமோ கேட்டியே, சொல்லு’ என்று உட்கார வேண்டும். அங்கேதான் எல்லாம் இருக்கிறது. நாலு நாள் இப்படி நடந்தால், காத்திருந்தால் நம் முறை வரும் என்று அவனுக்கு நம்பிக்கை வந்துவிடும். அந்த நம்பிக்கை இல்லாத பிள்ளைதான் நாலு தடவை கேட்கும்.

அவன் ஆயாவை ‘வாயை மூடு’ என்றால் சும்மா விடச் சொல்லவில்லை. பிள்ளையை மதிப்பது என்றால் அவன் இழுத்த இழுப்புக்குப் போவது என்று பலர் நினைக்கிறார்கள், அது இல்லை. அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பக்கத்தில் போய், அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ‘நம்ம வீட்ல இனிமே யாரும் யாரையும் அப்படிச் சொல்றதில்ல, நானும் சொல்ல மாட்டேன். ஆயா திரும்பத் திரும்பக் கேக்கறது புடிக்கலன்னா, அப்புறம் சொல்றேன் ஆயான்னு சொல்லு’ என்று சொல்லுங்கள். என்ன சொல்லக் கூடாது என்பதோடு, என்ன சொல்லலாம் என்பதையும் கையில் கொடுத்துவிட வேண்டும். மாற்று வார்த்தை இல்லாத பிள்ளைக்குப் பழைய வார்த்தைதான் வாயில் வரும்.

இதை யார் முன்னாலும் வைத்துச் செய்யாதீர்கள். என் மகள் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது ஒரு காதுகுத்து வீட்டில், சொந்தக்காரர்கள் நடுவில் அவளைத் திட்டிவிட்டேன். அன்று ராத்திரி என் மனசு கேட்காமல் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னாள், ‘திட்டினதுக்கு இல்லம்மா, மாமா முன்னாடி ஏன் திட்டினீங்க?’ எத்தனையோ வருடம் இந்த வேலையில் இருந்தும், பிள்ளைக்கு வலிப்பது எது என்று என் பிள்ளைதான் எனக்குச் சொன்னாள். அதனால் நீங்களும் தப்பு செய்த அன்று வாய் திறந்து மன்னிப்புக் கேளுங்கள். ‘கோபத்துல கத்திட்டேன், தப்புதான்’ என்றால் போதும். ‘ஆனா நீயும்தானே...’ என்று இழுக்காதீர்கள். அப்படி இழுத்தால் அது மன்னிப்பு ஆகாது.

போன் விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டத்தின் நடுவில் பிடுங்கினால் எந்தப் பிள்ளையும் கத்தும். கொடுக்கும்போதே எத்தனை நேரம் என்று பேசி முடிவு செய்யுங்கள், முடிவதற்கு 5 நிமிடம் முன்னால் ஒரு குரல் கொடுங்கள். நேரம் முடிந்ததும் அவனே கொண்டு வந்து கொடுக்கட்டும். கொடுக்கவில்லை என்றால் நாளைக்குப் போன் கிடையாது. இதைக் கத்தாமல் சொல்லி, சொன்னபடியே நில்லுங்கள். அழுவான். அழட்டும், பக்கத்திலேயே இருங்கள்.

‘எதிர்த்துப் பேசுகிறான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ‘எனக்கு ஏன் போன் இல்ல, அப்பா மட்டும் பாக்கறாரே’ என்று கேட்பது நியாயம் கேட்பது. ‘போடி’ என்பது அவமதிப்பது. இரண்டாவதை நிறுத்துங்கள், முதலாவதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பெரியவர் என்ன சொன்னாலும் தலையாட்ட வேண்டும் என்று பழக்கப்பட்ட பிள்ளை, தப்பான எண்ணத்தோடு தொடும் பெரியவரிடமும் தலையாட்டித்தான் நிற்கும். உங்கள் மகளுக்கு இது இன்னும் முக்கியம். பெண்பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் பேசும் வீடுகள் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்னும் இருக்கின்றன. ‘எனக்கு வேண்டாம், நான் படிக்கணும்’ என்று ஒரு பெண் ஒருநாள் சொல்ல வேண்டுமென்றால், 6 வயதில் ‘எனக்கு இந்தச் சட்டை வேண்டாம்’ என்று சொல்லும்போது யாராவது காது கொடுத்திருக்க வேண்டும். அண்ணன் ‘உனக்கு என்ன தெரியும்’ என்றால், ‘அவளுக்கு என்ன தெரியும்னு அவகிட்டயே கேப்போம், சொல்லு பாப்பா’ என்று அவள் பக்கம் திரும்புங்கள்.

கணவரிடம் பேசுவதற்கு நேரம் பாருங்கள். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் காலையில் வேண்டாம். லீவு நாளில், பிள்ளைகள் இல்லாதபோது, ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஒரு மாதத்துக்குப் பெல்ட் வேண்டாம். கோபம் வந்தால் வாசலுக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். அவர் அடிக்கும்போது தழும்பு படுகிறது, நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த முடியவில்லை என்றால் அதை மறைக்காதீர்கள். 1098 குழந்தைகளுக்கான இலவச உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். உங்களுக்கோ அவருக்கோ மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும், அதற்கும் காசு இல்லை.

பள்ளியிலும் இதே புகார் வருகிறதா, தூக்கம் சாப்பாடு மாறியிருக்கிறதா, ஒரு வருடத்துக்கு முன்னால் குறிப்பாக ஏதாவது நடந்ததா என்றும் யோசியுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள். அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் இரண்டு வாரம் அவன் முன்னைவிட அதிகமாகக்கூடப் பேசுவான். இந்த அம்மா உண்மையா, எத்தனை நாளைக்கு என்று பார்ப்பான். மனம் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் தோப்பு. மாங்காய் இறக்கும் சமயத்தில் அவன் தாத்தாவோடு அங்கே போவான் இல்லையா? அடுத்த முறை நீங்களும் போங்கள். அந்தப் பெரியவரிடம் ‘சாப்பிட்டீங்களா?’ என்று நீங்கள் கேளுங்கள். முதல்நாள் அவருக்கே சங்கடமாக இருக்கும், கொஞ்சம் ஒதுங்கிக்கூடப் போவார். பரவாயில்லை, மறுநாளும் கேளுங்கள். பையனிடம் ‘தாத்தான்னு கூப்பிடு’ என்று வற்புறுத்த வேண்டாம். சாப்பாட்டுத் தூக்கை அவன் கையில் கொடுத்து, ‘தாத்தாகிட்ட குடுத்துட்டு வாங்க கண்ணு’ என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.